தொட்டி சென்சாரும் அரை லிட்டர் விளக்கெண்ணெயும்

மொட்டை மாடித் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று கீழே உட்கார்ந்தபடியே பார்க்க ஒரு சென்சார் செய்து மாட்டியிருந்தேன். சென்னையின் வடகிழக்குப் பருவமழையில் அது வருடத்துக்கு ஒரு முறை செத்தது. மூன்று வருடம், மூன்று போர்டு. சென்சாரின் தலை நனைந்தாலும் தாங்கும்படி செய்தது. கோளாறெல்லாம் அதோடு வரும் சின்ன போர்டிலும், பக்கத்தில் நான் வைத்திருந்த ஈஎஸ்பி8266 வைஃபை போர்டிலும்தான்.

முதல் வருடம் பெட்டியின் விளிம்பெல்லாம் சிலிகோன் பூசினேன். திறந்தவுடன் காடி வாடை அடிக்குமே, அந்த ரகம். அந்த வாடையே அசிட்டிக் அமிலம்தான். மூடிய பெட்டிக்குள் அது எங்கே போகும்? போர்டின் செம்பைத் தின்று பச்சை பூக்க வைத்துவிட்டது. இரண்டாம் வருடம் ரப்பர் வளையமும், ஒயர் நுழையும் துளையை இறுக்கும் கேபிள் கிளாண்டும் வைத்த நல்ல பெட்டி. பகல் வெயிலில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து வெளியேறும். மாலை மழையில் சட்டென்று குளிர்ந்து ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். நவம்பரில் பெட்டிக்குள் அரை ஸ்பூன் தண்ணீர் இருந்தது. மூன்றாம் வருடம் எபாக்சியை ஊற்றி மொத்தமாகப் புதைத்தேன். கல் மாதிரி இறுகியது, இறுகியதுதான் வம்பு. வெயிலில் எபாக்சி ஒரு அளவு விரிகிறது, போர்டு வேறு அளவு விரிகிறது. சில மாதத்தில் ஒயர் உள்ளே போகும் இடத்தில் மயிரிழை விரிசல். மீதியை மழை பார்த்துக்கொண்டது.

ஆக, எனக்குத் தேவைப்பட்டது போர்டை முழுக்கப் புதைத்து மூடுகிற, ஆனால் மெத்தென்று விட்டுக்கொடுக்கிற, தண்ணீரை அண்ட விடாத ஒரு பொருள். எலக்ட்ரானிக்ஸ் தொழிலில் அதற்குப் பாட்டிங் காம்பவுண்ட் என்பார்கள். கடையில் கிடைக்கும் பாலியூரித்தேன் பாட்டிங் காம்பவுண்ட் ஒன்றின் தகவல் தாளைப் புரட்டியபோது ஓர் இடத்தில் கண் நின்றது. ஒரு பாகம் ஐசோசயனேட், சரி. இன்னொரு பாகம் ஆமணக்கு எண்ணெய். நம்ம விளக்கெண்ணெய்!

இதன் கணக்கு ரொம்ப எளிது. பாலியூரித்தேன் செய்ய இரண்டு கைகள் கோத்துக்கொள்ள வேண்டும். ஒன்று ஐசோசயனேட், மற்றொன்று ஹைட்ராக்சில் (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த கொக்கி) பல உள்ள பாலியால். 1937இல் ஜெர்மனியின் லெவர்குசனில் ஓட்டோ பாயர் குழு கண்டுபிடித்த இந்த வினைதான் மெத்தை, ஃபிரிட்ஜ் சுவர், செருப்பு அடி, கார் டேஷ்போர்டு எல்லாவற்றிலும் இருக்கிறது. பாலியால் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வரும். சோயா எண்ணெயையோ பாமாயிலையோ பாலியாலாக்க வேண்டுமானால் தொழிற்சாலையில் ஹைட்ராக்சிலை ஒட்டவைக்க வேண்டும். ஆமணக்கில் அந்த வேலையைச் செடியே முடித்துவிட்டது. அதன் கொழுப்பில் சுமார் 90 சதவீதம் ரிசினோலியிக் அமிலம். 18 கார்பன் சங்கிலியில் 12ஆவது கார்பனில் ஹைட்ராக்சில் தயாராகத் தொங்குகிறது. உலகத்து ஆமணக்கில் பெரும்பங்கு இந்தியாவில்தான் விளைகிறது, அதிலும் குஜராத்தில். நம் பக்கம் சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் சேர்த்து ஓர் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது.

ஏன் இதைத் தண்ணீர் சீக்கிரம் அண்டாது? பரணில் போட்டுவைத்த நல்ல ஷூவை ஆறேழு வருடம் கழித்து எடுத்தால் சிலவற்றின் அடிப்பாகம் புட்டு மாதிரி உதிரும், பார்த்திருப்பீர்கள். அது பாலியெஸ்டர் வகைப் பாலியூரித்தேன். அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து உண்டான பிணைப்புக்கு எஸ்டர் என்று பெயர். காற்றில் இருக்கும் ஈரமே அதை வெட்டுகிறது. வெட்டும்போது பிறக்கும் அமிலம் அடுத்த வெட்டைத் துரிதப்படுத்துகிறது. போடாமல் வைத்த ஷூவும் கெட்டுப்போவது அதனால்தான். ஆமணக்கிலும் எஸ்டர் உண்டு. ஆனால் சுற்றிலும் நீண்ட எண்ணெய்ச் சங்கிலிகள் இருப்பதால் தண்ணீர் கிட்டே வரவே தயங்கும்.

பாரிமுனையில் கோவிந்தப்ப நாயக்கன் தெருப் பக்கம் போய் விசாரித்ததில் ஐசோ கிடைத்தது. ஃபோம் தொழிலில் ஐசோசயனேட்டை எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். முழுப் பெயர் பாலிமெரிக் எம்டிஐ. கருப்பட்டிப் பாகு நிறம். அரை லிட்டர் டப்பாவை நீட்டியபோது கடைக்காரர் சொன்னது: "இதுக்குத் தண்ணி ஆகாது தம்பி. மூடியைத் திறந்து வெச்சுட்டு டீ குடிக்கப் போயிடாதீங்க."

அதை நான் காதில் வாங்கியும் வாங்காமல் வந்தேன்.

விகிதத்தைக் கணக்குப் போட்டேன். ஆமணக்கு எண்ணெயின் ஹைட்ராக்சில் மதிப்பு (அதில் எவ்வளவு ஹைட்ராக்சில் இருக்கிறது என்று காட்டும் எண்) 163 என்று எடுத்துக்கொண்டால் 344 கிராம் எண்ணெயில் ஒரு பங்கு ஹைட்ராக்சில். ஐசோவில் 31 சதவீதம் என்சிஓ (ஹைட்ராக்சிலைப் பிடிக்கும் அதன் முனை) இருந்தால் 135.5 கிராமில் ஒரு பங்கு. அதாவது 100 கிராம் எண்ணெய்க்கு 39.4 கிராம் ஐசோ. ஐந்து சதவீதம் கூட்டிப் போட்டால் 41.4. என் பெட்டி கொள்ளும் அளவுக்கு எண்ணெய் 120 கிராம், ஐசோ ஏறக்குறைய 49.5 கிராம். மில்லி அளவில் ஊற்றாதீர்கள். தண்ணீரில் எண்ணெய் மிதக்கும் ரகம், ஐசோ மூழ்கும் ரகம்; ஒரே மில்லிக்கு எடை வேறு. தராசு இல்லாமல் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

நல்லவேளையாக முதல் முயற்சியை நேராக போர்டின் மேல் ஊற்றாமல் ஒரு பேப்பர் கப்பில் செய்தேன். எண்ணெய் நாட்டு மருந்துக் கடையில் வாங்கியது, பழைய முறையில் காய்ச்சி எடுத்தது. ஐந்து நிமிடம் குச்சியால் கிளறியதும் கலங்கல் போய்த் தெளிந்தது. கொஞ்ச நேரத்தில் அடியிலிருந்து ஒவ்வொன்றாகக் குமிழ். இரண்டு மணி நேரத்தில் மேற்பரப்பு முழுக்க ஆப்பம் மாதிரி கண் கண்ணாக இருந்தது. காலையில் பார்த்தால் ஒன்றரை மடங்கு உயர்ந்து, உள்ளே பஞ்சு மாதிரி துளை துளையாக, தொட்டால் பிசுபிசுப்பாக ஒன்று உட்கார்ந்திருந்தது.

யோசித்துப் பார்த்தால் காரணம் அந்தப் பழைய முறையில்தான் இருக்கிறது. ஆமணக்கு விதையை வறுத்து, இடித்து, தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்து, மேலே மிதக்கும் எண்ணெயை அள்ளுகிறார்கள். அள்ளியதை மறுபடி காய்ச்சி ஈரத்தைப் போக்குவார்கள். வயிற்றுக்கும் விளக்குக்கும் அந்த அளவு காய்ந்தால் போதும். ஐசோவுக்குப் போதாது. ஐசோசயனேட் ஹைட்ராக்சிலைப் பிடிப்பது போலவே தண்ணீரையும் பிடித்துக்கொள்ளும். பிடித்ததும் கார்பன் டை ஆக்சைடை வெளியே தள்ளும். மெத்தை ஃபோம் உப்புவதே இந்த வினையால்தான். மெத்தைக்காரருக்கு வரம், எனக்குச் சாபம்.

மீதி எண்ணெயில் 250 கிராமை ஒரு மணி நேரம் காயவைத்து எடை போட்டேன். 1.2 கிராம் குறைந்திருந்தது. அது முழுக்கத் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், என் கப்பில் இருந்த 120 கிராம் எண்ணெயில் 0.58 கிராம் தண்ணீர். கேட்க ஒன்றுமில்லாத மாதிரிதான் இருக்கிறது. ஆனால் அத்தனையும் வினைபுரிந்தால் வெளிவரும் வாயு ஏறக்குறைய 800 மில்லி! போதாததற்கு ஒரு தண்ணீர் மூலக்கூறு இரண்டு என்சிஓவை விழுங்கும். அந்தக் கணக்கில் 8.7 கிராம் ஐசோ வீண். ஆறில் ஒரு பங்கு போனால் பிசுபிசுக்காமல் என்ன செய்யும்?

நான் விரட்டிக்கொண்டிருந்த இதே கார்பன் டை ஆக்சைடை ஜெர்மனியில் கோவெஸ்ட்ரோ நிறுவனம் வேண்டுமென்றே பாலியாலுக்குள் கட்டிப்போடுகிறது என்பது இங்கே வேடிக்கை. டோர்மாகனில் 2016இல் அதற்கென்று ஆலை திறந்தார்கள். பாலியாலின் எடையில் 20 சதவீதம் வரை அந்த வாயுவிலிருந்து வருகிறது. முதலில் மெத்தை ஃபோமுக்குத்தான் போனது. குமிழாகப் போவது வேறு, சங்கிலியிலேயே கண்ணியாகச் சேர்வது வேறு.

இரண்டாம் சுற்றுக்குத் தொழிற்சாலைத் தர எண்ணெய் வாங்கினேன், எப்.எஸ்.ஜி. என்பார்கள். வெளிர் மஞ்சள். அதிலும் கால் சதவீதம் வரை ஈரம் இருக்கலாம் என்பதால் மாடியில் இண்டக்ஷன் அடுப்பை வைத்து 110 டிகிரியில் ஒரு மணி நேரம் கிளறிக் கிளறிக் காயவைத்தேன். அம்மா வந்து எட்டிப் பார்த்தார்.

"விளக்கெண்ணெயைப் போய் எதுக்குடா இப்படிக் காய வெக்கிற? வயித்துக்கா?"

"தொட்டிக்கும்மா."

"தொட்டிக்கா! போடா விளக்கெண்ணெய்."

காய்ந்த எண்ணெயைச் சூடாக இருக்கும்போதே கண்ணாடி ஜாடியில் நிரப்பி இறுக்கி மூடி ஆறவிட்டேன். திறந்து வைத்து ஆறவிட்டால் சென்னைக் காற்று திரும்ப ஈரத்தைக் கொடுத்துவிடும். அந்தப் பாத்திரம் இனி சமையலறைக்குத் திரும்பாது.

கிளறும்போது சிக்கும் காற்றுக் குமிழ்களை எடுக்க வெற்றிடம் வேண்டும். பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் ஒன்று கிடந்தது (வாயுவை மெக்கானிக் முன்பே முறையாக எடுத்திருந்தார்). கேஸ்கட் நல்ல நிலையில் உள்ள பழைய குக்கர் ஒன்று. மூடிக்குப் பதில் 12 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் தகடு. கண்ணாடி வேண்டாம், வெற்றிடத்தில் உள்ளே நொறுங்கினால் கண் போய்விடும். கம்ப்ரசரின் உறிஞ்சு குழாயைக் குக்கரோடு இணைத்ததும் வெற்றிட மீட்டர் பாதரசக் கணக்கில் 27 அங்குலம் காட்டியது. எனக்கு அது போதும்.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஐசோசயனேட் என்றதும் நம் எல்லோருக்கும் போபால்தான் ஞாபகம் வரும். 1984இல் அங்கே கசிந்தது மீத்தைல் ஐசோசயனேட். 39 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும் பொருள். எம்டிஐ சாதாரண வெப்பத்தில் கிட்டத்தட்ட ஆவியாவதே இல்லை. அதற்காகச் சாது என்று நினைத்துவிடக் கூடாது. இதன் ஆபத்து ஒவ்வாமை. உடம்பு ஒருமுறை இதை விரோதி என்று குறித்துக்கொண்டால் அப்புறம் துளி பட்டாலும் ஆஸ்துமா மாதிரி மூச்சு இழுக்கும். அது திரும்பிப் போவதில்லை. ஐரோப்பாவில் 0.1 சதவீதத்துக்கு மேல் தனி டை ஐசோசயனேட் உள்ள பொருளைத் தொழிலில் கையாள 2023 ஆகஸ்ட் 24 முதல் பயிற்சி கட்டாயம். இங்கே அரை லிட்டரை யார் கேட்டாலும் கவரில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். நான் நைட்ரைல் கையுறை, கண்ணாடி, முழுக்கைச் சட்டை, கரிமஆவி வடிகட்டி வைத்த முகமூடி போட்டு, திறந்த மாடியில்தான் செய்தேன். கம்ப்ரசரின் வெளிக்குழாயைக் காற்றுப் போகும் திசையில் தள்ளி வைத்தேன். ஐசோவைச் சூடாக்கக் கூடாது, ஸ்ப்ரே செய்யவே கூடாது. வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் கடையில் பாட்டிங் காம்பவுண்டைக்கூட வாங்காமல் வேறு வழி பாருங்கள்.

போர்டைத் தயார் செய்ததில் இரண்டு பாடம். சால்டர் ஃப்ளக்ஸ் கறையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவினேன். ஆல்கஹால் என்றாலே ஹைட்ராக்சில். ஓரத்தில் ஒட்டியிருந்தால் அதுவும் ஐசோவைப் பிடித்துக்கொள்ளும், அந்த இடம் மட்டும் இறுகாது. அதனால் 60 டிகிரியில் இரண்டு மணி நேரம் போர்டைக் காயவைத்தேன்.

இரண்டாவது பாடம் செத்துப்போன எபாக்சி போர்டிலிருந்து கிடைத்தது. அதை வெட்டித் திறந்தபோது விரிசல் வழியாக மட்டும் தண்ணீர் வரவில்லை என்று தெரிந்தது. ஒயர் தோலை உரித்தால் உள்ளே செம்பு இழைகள் கறுத்திருந்தன, மறுமுனை வரைக்கும். பல இழை ஒயரில் இழைகளுக்கு நடுவே இருக்கும் சந்து, விளக்குத் திரி எண்ணெயை ஏற்றுவது போலவே தண்ணீரை ஏற்றிவிடுகிறது. வெளியே என்னதான் பூசினாலும் ஒயரின் வயிற்றுக்குள் வழி திறந்தேதான் இருக்கிறது. இதற்கு வைத்தியம், புதையப்போகும் பகுதியில் ஒவ்வொரு ஒயரிலும் ஒரு சென்டிமீட்டர் தோலை உரித்து, அந்த இழைகளில் சால்டரை ஊறவிட்டு ஒரே கம்பியாக்கிவிடுவது. திரி அங்கேயே அடைபட்டுவிடும். பிவிசி தோலையும் உப்புத்தாளால் கொஞ்சம் உரசிவிட்டேன், பிடிப்பு வரட்டும் என்று. இந்த ஒரு வேலைக்கு மட்டும் ஒரு சாயங்காலம் போனது. மொத்த வேலையில் அதிகம் பலன் தந்ததும் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஊற்றுவதற்கு முன் போர்டை 48 மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தேன். புரோகிராம் மாற்ற நான்கு ஒயரை வெளியே விட்டேன். சென்சார் தலையின் முகத்தில் துளி படக் கூடாது.

எண்ணெய் 120, ஐசோ 49.5. ஓரமெல்லாம் வழித்து வழித்து ஐந்து நிமிடம் கிளறினேன். கலவையைப் போல நான்கு மடங்கு பெரிய பாத்திரத்தில் வைத்துக் குக்கருக்குள் இறக்கிக் கம்ப்ரசரைப் போட்டதும் பால் பொங்குவது போல மேலே ஏறியது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அன்றைக்கு அதுவேதான். விளிம்பைத் தொடும் முன் காற்றைக் கொஞ்சம் விட்டு அடக்கி, மறுபடி இழுத்து, மூன்றாம் முறை பொங்கி உடைந்து அடங்கியது. பத்து நிமிடத்துக்கு மேல் இழுக்கவில்லை. பெட்டியின் ஒரு மூலையில் மெல்லிய இழையாக ஊற்றினால் கலவை தானே பரவிக் காற்றைத் தள்ளிக்கொண்டு போகிறது.

கடைக்காரர் ஊக்கியும் இரண்டு சொட்டு தருகிறேன் என்றார், டின் சேர்மம். இந்த வகை டின் சேர்மங்களின் நச்சுத்தன்மையால் பல இடங்களில் இப்போது பிஸ்மத்துக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு இரண்டுமே தேவைப்படவில்லை. ஆமணக்கின் ஹைட்ராக்சில் மந்தமானது. நான்கு மணி நேரம் கழித்தும் தேனைவிடக் கொஞ்சம் கெட்டி, அவ்வளவுதான். அவசரமில்லாதவனுக்கு அது நல்லது, கடைசிக் குமிழும் வெளியேற நேரம் கிடைக்கிறது. மறுநாள் காலை தொட்டால் ஒட்டவில்லை. ஒரு வாரத்தில் நகத்தால் அழுத்தினால் லேசாகப் பள்ளம் விழுந்து திரும்பி எழுந்தது. ஓரத்தில் ஊசி முனை அளவில் மூன்று குமிழ், பரவாயில்லை. வைஃபை சிக்னல் கொஞ்சம் குறைந்தது, ஆன்டெனாவையும் சேர்த்துப் புதைத்ததால். அடுத்த முறை ஆன்டெனா முனையை வெளியே விட வேண்டும்.

மிச்சம் ஐசோ ஒட்டிய கப், குச்சியை எல்லாம் சலவைச் சோடாவும் சோப்புத்தூளும் கரைத்த தண்ணீரில் இரண்டு நாள் திறந்தே போட்டு வைத்தேன். மூடினால் உள்ளே வாயு சேர்ந்து டப்பா வெடிக்கும்.

ஐசோவே இல்லாத பாலியூரித்தேன் வருகிறதே, அதைச் செய்திருக்கலாமே என்று நண்பர் கேட்டார். ஆசைதான். எண்ணெயின் இரட்டைப் பிணைப்பை எபாக்சியாக்கி, கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்து வளையக் கார்பனேட்டாக மாற்றி, அதை அமினோடு இணைக்கிறார்கள். ஐசோவின் ஆபத்து இல்லை, ஈரத்தில் குமிழும் வராது. ஆனால் அறை வெப்பத்தில் ஆமை வேகம். இன்னொரு சங்கடம், ஒவ்வொரு பிணைப்பின் பக்கத்திலும் புதிதாக ஒரு ஹைட்ராக்சில் முளைத்துவிடுகிறது, அது தண்ணீரை விரும்பி உறிஞ்சும். பசைக்கும் பூச்சுக்கும் அந்தக் குணம் பிடிப்பைக் கூட்டும். தொட்டிக்குப் பக்கத்தில் மழையில் கிடக்கிற பெட்டிக்கு வேண்டாம்.

என்னை உறுத்துவது வேறொன்று. ரிப்பேர் வேலை பார்க்கும் எவருக்கும் பாட்டிங் செய்த போர்டைக் கண்டால் எரிச்சல் வரும். பைக்கில் தீப்பொறி தரும் சிடிஐ பெட்டி, தெருவிளக்கின் டிரைவர் என்று கருப்புக் கட்டியாக வந்து மேசையில் உட்காரும், உள்ளே பத்து ரூபாய் கெப்பாசிட்டர் போயிருக்கும். இப்போது நானே அப்படி ஒன்றைச் செய்து வைத்திருக்கிறேன். எபாக்சியோடு ஒப்பிட்டால் இதை பிளேடால் கீறி எடுக்க முடிகிறது என்பது ஓர் ஆறுதல். கப்பில் மிஞ்சிய கட்டியில் பழைய போர்டுத் துண்டைப் புதைத்துக் கீறிப் பார்த்தேன், பத்து நிமிடத்தில் கெப்பாசிட்டரைத் தொட்டுவிட்டேன். 2020இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன், மினசோட்டா பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் பழைய பாலியூரித்தேன் ஃபோமில் ஊக்கியை ஏற்றி, இரட்டைத் திருகு எக்ஸ்ட்ரூடரில் சூடாக்கிப் பிசைந்து, பிணைப்புகளைக் கைமாற வைத்து வேறு பொருளாக வார்த்துக் காட்டினார்கள். அந்த மாதிரி இளகிக் கொடுக்கும் பாட்டிங் காம்பவுண்ட் கடைக்கு வந்தால் முதல் டப்பா எனக்கு.

அதே வார்ப்பில் எடுத்த ஒரு துண்டை ஒரு மாதம் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தேன். போடும்போது 24.16 கிராம், எடுத்துத் துடைத்தபோது 24.23. பெட்டியை ஐப்பசி தொடங்கும் முன் மேலே மாட்டினேன். போன வாரம் இரண்டு நாள் விடாமல் கொட்டிய மழையில் தொட்டி 94 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு நம்பிக்கை இல்லை. மழை விட்டதும் படியேறிப் போய் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்தார்.